தமிழ் எழுத்து கடைச்சரக்கான வரலாறு

'செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா?' என்று நம் முன்னோர் கேட்டனர். கடைக்காரரின் ஆரவாரத்தைக் கண்டு மயங்காமல், அவர் விற்கும் பொருளின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்பது இப்பழமொழியின் கருத்து. துணிக்கும் அரிசிக்கும் இக்கேள்வி எளிதாகப் பொருந்தும். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். அரிசியை வாயிலிட்டு மென்று பார்க்கலாம். ஆனால் தொடவும் முடியாத, நிறுக்கவும் முடியாத ஒரு சரக்கை விற்பவர் என்ன செய்வார்? அச்சரக்கை வாங்கியவரே மறுநாள் நூறு படிகள் எடுத்து நண்பர்களுக்கு வழங்கிவிடக் கூடுமானால், விற்றவர் எவ்வாறு பிழைப்பார்? அதுவும் அச்சரக்கு நம் தாய்மொழியின் எழுத்தாகவே இருந்துவிட்டால்?

இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நடந்த ஒரு சிறு தொழிலின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். 1985ஆம் ஆண்டில் 'முரசு' என்னும் பெயரோடு தொடங்கிய தமிழ் மென்பொருளின் வரலாறு அது. ஒரு சிறு நிறுவனம் எதை விற்றது, எதை இலவசமாகக் கொடுத்தது, ஏன் அவ்வாறு செய்தது என்பதே இவ்வுரையில் நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் சரக்கின் தன்மையை அறிந்துகொள்வோம். கணினி என்னும் பொறி வன்பொருள். அப்பொறியை இயக்கும் கட்டளைகளின் தொகுதி மென்பொருள். தொடக்கத்தில் மென்பொருளுக்குத் தனி விலை இருந்ததில்லை. பொறியை வாங்கினால் கட்டளைகளும் கூடவே வந்தன. ஐ.பி.எம். நிறுவனம் 1969ஆம் ஆண்டில்தான் மென்பொருளைப் பொறியிலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனி வணிகமாக வளர்வதற்கு அது ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

அந்த வாயில் வழியாகச் சிறியவர்களும் நுழைந்தனர். 1979ஆம் ஆண்டில் டேன் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் 'விசிகால்க்' என்ற கணக்கீட்டு மென்பொருளை உருவாக்கினர். ஆப்பிள் கணினியில் ஓடிய அம்மென்பொருளுக்காகவே வணிகர்கள் பலர் கணினி வாங்கினார்கள் என்பர். ஆனால் ஐ.பி.எம். தனியாள் கணினி பரவியபோது, 1983இல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' என்னும் போட்டிச் சரக்கு சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1985இல் விசிகால்க்கை உருவாக்கியவர்களின் நிறுவனத்தை லோட்டஸ் நிறுவனமே விலைக்கு வாங்கிவிட்டது. உலகையே மாற்றிய ஒரு பொருளின் ஆட்சி ஐந்தாறு ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. மென்பொருளை ஒருமுறை செய்து முடித்துவிட்டு உட்கார்ந்து உண்ண முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றொரு சிக்கலும் இருந்தது. விசிகால்க் பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1976இல், இளைஞராக இருந்த பில் கேட்ஸ், தம் மென்பொருளை விலை கொடாமல் படியெடுத்துக்கொள்பவர்களைக் கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1982ஆம் ஆண்டளவில் ஆண்ட்ரூ பிளூகல்மன், ஜிம் நாப் என்னும் இருவரும் நேர்மாறான வழியில் சென்றனர். 'படியெடுங்கள், பிறருக்கும் கொடுங்கள். பயன்பட்டால் பணம் அனுப்புங்கள்' என்பது அவர்களுடைய முறை. ஆக, படியெடுப்பதைத் தடுத்துப் பிழைப்பதா, படியெடுப்பதையே விளம்பரமாக்கிப் பிழைப்பதா என்னும் வினா மென்பொருள் வணிகத்தோடு உடன்பிறந்தது எனலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ் எழுத்தை இயந்திரத்தில் ஏற்றும் முயற்சி மலாயாவுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த இரா. முத்தையா என்பவர் இளமையிலேயே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடி வந்தார். வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தபடியே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். ஆங்கிலத்திற்கு இருபத்தாறு எழுத்துகள். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. இத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க இயலுமா? எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து அடிக்கும் முறையே வழி. புள்ளியையும் இகரக் கொம்பையும் அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி சில விசைகள் அமைந்தன. பொறியைச் செய்ய முத்தையாவிடம் தொழிற்சாலை இல்லை. ஆகவே, செருமனியின் சைடல் நௌமன் நிறுவனத்தைக் கொண்டு தம் வடிவமைப்பின்படி பொறிகளைச் செய்வித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இந்த நிகழ்ச்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எழுத்தின் நுட்பத்தை அறிந்தவர் தமிழர். இயந்திரத்தைச் செய்தவர் அயலார். இருவரும் சேர்ந்தபோதுதான் சரக்கு உருவாயிற்று. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே கூட்டு வேறு வடிவில் திரும்ப வந்ததைப் பின்னர்க் காண்போம்.

1980களின் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கு எவ்வாறு இருந்தது? ஒருகாலத்தில் செங்கற் சூளைகள் நிறைந்திருந்தமையால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், கோயில்களும் பள்ளிகளும் உணவுக்கடைகளும் நெருங்கிய தமிழர் வட்டாரமாக விளங்கியது. கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் மாலைக்கடைகளும் வரிசை பிடித்து நின்றன. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, சங்க ஆண்டு மலர், தமிழ்ப்பள்ளித் தேர்வுத் தாள் என்று தமிழில் அச்சிட வேண்டியவை ஏராளம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' முதலிய நாளிதழ்களும் நாள்தோறும் வெளிவந்துகொண்டிருந்தன. இவ்வளவுக்கும் ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளரையோ, விலை மிகுந்த ஒளியச்சுக் கோப்பையோ நம்பியிருக்க வேண்டிய நிலை.

அதே காலத்தில் தனியாள் கணினி அலுவலகங்களுக்குள் நுழையத் தொடங்கியது. ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை 1981இல் வெளியிட்டிருந்தது. மலேசிய அரசும் நுண்மின்னியல் ஆராய்ச்சிக்கென 'மீமோஸ்' அமைப்பை 1985இல் தோற்றுவித்தது. ஆனால் அக்கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்துக்கு எட்டு துணுக்குகள் என்பது அன்றைய ஏற்பாடு. அதன்படி ஆக மொத்தம் 256 இடங்களே உண்டு. முதற் பாதியான 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் கட்டுப்பாட்டுக் குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய பாதிக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் அடக்கியாக வேண்டும். அன்று முத்தையாவை எதிர்நோக்கிய அதே சிக்கல், இப்போது கண்ணாடித் திரையில் தோன்றியது.

இச்சிக்கலைத் தீர்க்க முன்வந்த சிலருள் ஒருவர் முத்து நெடுமாறன். பொறியியல் பயின்றவர். இவருடைய தந்தையார் முரசு நெடுமாறன், ஆசிரியர், கவிஞர், சிறுவர் பாடல்களால் அறியப்பட்டவர். ஒரு நூற்றாண்டுக் கால மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் திரட்டி, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை 1997இல் கிள்ளானிலிருந்து வெளியிட்டவர். தந்தையின் பெயரில் இருந்த 'முரசு' மகனுடைய மென்பொருளுக்கும் பெயராயிற்று. 1985இல் தோன்றிய அம்மென்பொருள், கோலாலம்பூரை இருப்பிடமாகக் கொண்ட முரசு நிறுவனத்தின் முதன்மைச் சரக்காக வளர்ந்தது.

வணிக முறையில் இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். துணி விற்பவருக்கு நூறாவது சேலைக்கும் முதற் சேலைக்கும் அடக்கவிலை ஏறக்குறைய ஒன்றே. மென்பொருளில் அப்படியில்லை. முதற் படிக்கே முழுச் செலவும் ஆகிவிடுகிறது. இரண்டாம் படிக்கு ஒரு வட்டின் விலைதான் செலவு. எடுத்துக்காட்டாக, ஒரு மென்பொருளை எழுத ஐம்பதாயிரம் வெள்ளி செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விலை ஐந்நூறு வெள்ளி என்றால், நூறு பேர் வாங்கினால்தான் கைமுதல் மீளும். ஆங்கில மென்பொருளுக்கு நூறு பேர் ஒரு தெருவிலேயே கிடைப்பர். தமிழுக்கு? மலேசிய மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இந்தியர்கள். அவர்களுள் கணினி வைத்திருந்தோர் அன்று மிகச் சிலர். அச்சிலருள்ளும் தமிழில் எழுத விரும்புவோர் எத்தனை பேர்?

ஆகவே, இத்தகைய சரக்குக்கு முதல் வாடிக்கையாளர் வீட்டுக்காரர் அல்லர். அச்சகத்தாரும் பதிப்பாளரும் இதழ் நடத்துவோருமே. அவர்களுக்குத் தமிழ் எழுத்து அன்றாடத் தொழிற் கருவி. ஒரு பக்கத்தை அடுக்க ஒரு நாள் ஆன இடத்தில் ஒரு மணி நேரம் போதும் என்றால், விலையை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மேலும், அவர்கள் வாங்குவது வட்டை மட்டுமன்று. அதை நிறுவித் தர வேண்டும். பணியாளருக்கு விசைகளைப் பழக்கித் தர வேண்டும். அச்சுப்பொறியில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் விழுந்தால் ஓடிச் சென்று சரிசெய்ய வேண்டும். பாதி விலை சரக்குக்கு, பாதி விலை உழைப்புக்கு என்றால் மிகையாகாது. சிறு நிறுவனத்தின் வலிமையும் சுமையும் இங்கேதான் இருக்கின்றன. வாடிக்கையாளரின் குறையை அது நேரே கேட்கிறது. கேட்டதனாலேயே அடுத்த பதிப்பு செம்மையாகிறது. ஆனால் தொலைபேசியில் பதில் சொல்பவரும், இரவில் கட்டளைகளை எழுதுபவரும் ஒருவரே என்றால், அவர் எத்தனை நாள் தாங்குவார்?

முத்து நெடுமாறன் பன்னாட்டுக் கணினி நிறுவனம் ஒன்றில் பொறுப்பான பணியில் இருந்துகொண்டே தமிழ்ப் பணியையும் நடத்தியவர். மொழித் தொழில்நுட்பத்தில் இறங்கிய பலருடைய நிலையும் அதுவாகவே இருந்தது. சந்தை சிறிதாக இருக்கும்போது, சரக்கு தன்னைத் தானே தாங்கும் நாள்வரை வேறொரு வருவாய் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரம் நட்டவுடன் பால் தராது. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வேறு பயிரே குடும்பத்தைக் காப்பாற்றும்.

படியெடுக்கும் சிக்கல் மலேசியாவிலும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினிக் கட்டளைகளையும் எழுத்துப் படைப்புகளோடு சேர்த்துப் பாதுகாத்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, கோலாலம்பூரின் இம்பி பிளாசா போன்ற கணினி அங்காடிகளில் படியெடுத்த மென்பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. பல்லாயிரம் வெள்ளி மதிப்புள்ள ஆங்கில மென்பொருளே சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது, தமிழ் மென்பொருளை மட்டும் முழு விலை கொடுத்து வாங்கச் சொல்வது எளிதா? இந்திய மொழி மென்பொருள்களை உருவாக்கிய நிறுவனங்கள் சில, கணினியின் பின்புறத்தில் செருகும் பூட்டுக்கட்டை ஒன்றைச் சரக்கோடு சேர்த்து விற்றன. அக்கட்டை இல்லையேல் மென்பொருள் ஓடாது. திருட்டு குறைந்தது, ஆனால் பரவலும் குறைந்தது. பரவாத எழுத்தால் மொழிக்கு என்ன பயன்?

1990களில் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. ஒன்று, விண்டோஸ் இயங்குதளம், மற்றொன்று, இணையம். பழைய டாஸ் காலத்து மென்பொருளை விண்டோசுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியவில்லை. மீண்டும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. 'முரசு அஞ்சல்' என்னும் பெயரில் விண்டோசுக்குரிய பதிப்பு வந்தது. ஒலிக்கேற்ப ஆங்கில விசைகளைத் தட்டினால் தமிழ் எழுத்து திரையில் தோன்றும் 'அஞ்சல்' விசைமுறை, தட்டச்சுப் பயிற்சி பெறாதவரையும் தமிழில் எழுத வைத்தது. அச்சகத்தாருக்கான கருவி, வீட்டில் இருப்போருக்கும் உரிய கருவியாக மாறத் தொடங்கியது.

இணையமோ வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. தமிழ் மென்பொருள் செய்தவர் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தமக்குத் தோன்றிய இடத்தில் வைத்திருந்தனர். ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றொருவர் 'டு' வைத்திருப்பார். ஒரு மென்பொருளில் எழுதிய கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியும். நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டன. விற்பவருடைய கண்கொண்டு பார்த்தால் இதில் ஓர் ஆதாயம் உண்டு. நம் குறியீட்டில் பத்தாண்டுக் கோப்புகளைச் சேர்த்துவிட்ட வாடிக்கையாளர் நம்மைவிட்டு எங்கே போவார்? ஆனால் மொழியின் கண்கொண்டு பார்த்தால், ஒரே மொழியைப் பேசும் மக்கள் ஒருவரை ஒருவர் படிக்க முடியாமல் பிரிந்து நிற்கும் நிலை அது.

இங்கேதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை இருப்பதாக நாம் கருதுகிறோம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகவே வழங்கிவந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் குழுவினரும் உழைத்ததன் பயனாக, 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தளத்தில் தமிழ் இடம்பெற்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து மலேசியத் தமிழர் பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்' வழியாக உலகெங்கும் இருந்த தமிழர்கள் தமிழிலேயே மடல் எழுதினர். அவர்களுக்கு முரசு அஞ்சலின் இலவசப் பதிப்பு கைகொடுத்தது. இவர்களும் இன்னும் பலரும் கலந்து பேசி உருவாக்கியதே 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீடு. விற்பனைக்கு மென்பொருள் வைத்திருந்த ஒருவர், தம் வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிற்றைத் தாமே அவிழ்த்துவிட்டுப் பொதுக் குறியீட்டுக்கு வந்தது சிறிய செயலன்று.

ஏன் அவ்வாறு செய்ய வேண்டும்? வெறும் மொழிப்பற்று என்று மட்டும் விடை சொன்னால், அது பாதி விடையே. தமிழில் ஒருவர் எழுதி மற்றவர் படிக்க முடியாவிட்டால், தமிழில் எழுதும் பழக்கமே வளராது. பழக்கம் வளராவிட்டால் சந்தையும் வளராது. கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் குடம் விற்க முடியுமா? பொதுக் கிணறு ஒன்று இருந்தால்தான் குடத்துக்கு விற்பனை. எழுத்தின் குறியீடு கிணறு. அதைக் கொண்டு செய்யும் கருவிகள் குடம். இந்த வேறுபாட்டை அறிந்ததே அக்காலத்துத் தமிழ்க் கணினியாளரின் அறிவுடைமை.

அதன் பின் முயற்சிகள் அமைப்பு வடிவம் பெற்றன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளையும் ஏற்றது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. முத்து நெடுமாறன் உத்தமத்தின் முன்னணிப் பொறுப்புகளை ஏற்றவர்களுள் ஒருவர்.

ஆனால் பொதுக் கிணறு வெட்டியவருக்கு அடுத்த சோதனை காத்திருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்னும் நோக்கில் உருவான யூனிகோடு, 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 பதிப்பில் யூனிகோடு தமிழையும் 'லதா' எழுத்துருவையும் சேர்த்தே கொடுத்தது. அதுவரை விலைக்கு விற்ற ஒன்று, இயங்குதளத்தோடு இனாமாக வரத் தொடங்கிவிட்டது. தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவதையே சரக்காகக் கொண்டிருந்த பல நிறுவனங்கள் இதனால் தடுமாறின.

முரசு நிறுவனம் எப்படி நிலைத்தது? சரக்கை மாற்றிக்கொண்டு நிலைத்தது. இனாமாக வருவது எழுத்து மட்டுமே. நல்ல எழுத்துருக்கள் வரவில்லை, பழைய கோப்புகளைப் புதிய குறியீட்டுக்கு மாற்றும் வழி வரவில்லை, ஆசிரியருக்குப் பயிற்சி வரவில்லை. சிங்கப்பூர், மலேசியப் பள்ளிகளில் முரசு அஞ்சல் பயன்பாட்டுக்கு வந்தது. பள்ளி என்பது ஓராண்டு வாடிக்கை அன்று; அங்கே விசைமுறையைப் பழகிய மாணவர் வாழ்நாள் முழுவதும் அதையே நாடுவார். பிற்காலத்தில் முரசு அஞ்சலின் முதல்நிலைப் பதிப்பு யாவருக்கும் இலவசமாகவும் வழங்கப்பட்டது.

அடுத்த களம் கைப்பேசி. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 இடம்பெறலாம். யூனிகோடு முறையில் அனுப்பினால் 70 குறியீடுகளே இடம்பெறும். 'கோ' என்னும் ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடுகள் வேண்டும். திரையோ உள்ளங்கையில் பாதி. அனுப்புபவரிடம் தமிழ் இருந்தால் மட்டும் போதாது, பெறுபவரிடமும் இருந்தாக வேண்டும். இத்தடைகளுக்கிடையே 'செல்லினம்' என்னும் கைப்பேசிச் செயலி 2005ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 அதற்குத் துணைநின்றது. ஒரு சிறு நிறுவனத்தால் பெரிய விளம்பரச் செலவு செய்ய இயலாது. ஆனால் தமிழ் கேட்கும் மக்கள் அனைவரும் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் ஒன்று உண்டு; அது வானொலி. சரக்கை மக்களிடம் தேடித் தேடிக் கொண்டுபோவதைவிட, மக்கள் கூடியுள்ள சந்தையில் இறக்குவது மேல் என்பது கிள்ளான் மாலைக்கடைக்காரருக்கும் தெரிந்த உண்மைதானே.

இனி, முன்பு சொன்ன கூட்டுக்கு வருவோம். ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கிந்தோசு கணினிகளில் 2005இல் வந்த பதிப்பிலேயே, முத்து நெடுமாறன் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துருவும் 'அஞ்சல்' விசைமுறையும் இடம்பெற்றன. பின்வந்த பதிப்புகளில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான 'எம்.என்.' என்பதை இறுதியில் தாங்கிய எழுத்துருக்கள் பல சேர்ந்தன. அவை தமிழோடு நிற்கவில்லை. மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம் முதலிய இந்திய மொழிகளும், சிங்களமும், நம் அண்டை நாடுகளின் கெமர், லாவோ, மியன்மார் எழுத்துகளும் அவ்வரிசையில் அடங்கும். 2013இல் வந்த ஐ.ஓ.எஸ். 7 பதிப்பில் ஐபோனிலேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் வந்துவிட்டன. இரா. முத்தையா செருமானியத் தொழிற்சாலையோடு செய்த அதே கூட்டு, வேறொரு நூற்றாண்டில், வேறொரு நாட்டு நிறுவனத்தோடு மீண்டும் நிகழ்ந்தது. தமிழருக்கு மட்டும் விற்றால் சிறிய சந்தை. தமிழ் எழுத்தில் கற்ற நுட்பத்தைப் பிற எழுத்துகளுக்கும் ஏற்றி, பொறி செய்யும் நிறுவனத்துக்கு விற்றால் பெரிய சந்தை. சிறு தொழில் வளர்ந்த வழி இதுவே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். 'எழுத்து யாவருக்கும் பொது. அதற்கு விலை வைப்பது முறையா? இலவசமாகச் செய்து கொடுத்தவர்கள் இல்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகியவையெல்லாம் தன்னலமற்ற தொண்டின் விளைவுகள். அவை இல்லாமல் தமிழ்க் கணினி இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1985 முதல் 2013 வரை டாஸ், விண்டோஸ், இணையம், யூனிகோடு, சாதாரணக் கைப்பேசி, திறன்பேசி என்று ஆறு முறை பொறியின் உலகம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய உழைப்பின் பெரும்பகுதி வீணாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதன்முறை செய்வதற்கு ஆர்வம் போதும். ஆறாம் முறையும் செய்வதற்கு வருவாய் வேண்டும். தொண்டு வழியைத் திறந்துவிடும்; வணிகம் அவ்வழியைப் பழுதுபார்த்துக் காக்கும். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்பது வரலாற்றுக்கு ஒத்துவராத கூற்று.

நிலைத்திருப்பது எவ்வளவு அரிது என்பதையும் இதே நகரம் நமக்குக் காட்டியிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. ஈயத்தில் வார்த்த எழுத்திலிருந்து கணினி எழுத்து வரைக்கும் கடந்து வந்த இதழ் அது. எழுத்து கணினியில் ஏறிவிட்டால் மட்டும் மொழி வாழ்ந்துவிடாது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்போரும் வேண்டும் என்பதே அது விட்டுச்சென்ற பாடம்.

நம் இளைஞர்களுக்கு இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கும் பாடங்கள் யாவை? முதலாவது, சரக்கைச் செய்யுமுன் அதை வாங்கும் முதல் நூறு பேர் யார் என்று எண்ணுதல் வேண்டும். இரண்டாவது, பொதுவாக இருக்க வேண்டியதைப் பொதுவாக விட்டுவிட்டு, உழைப்புக்கும் நுட்பத்துக்கும் பயிற்சிக்கும் விலை பெறுதல் வேண்டும். மூன்றாவது, இன்று விற்கும் பொருள் நாளை இனாமாகும் என்பதை எதிர்பார்த்து, அடுத்த சரக்கை இன்றே தொடங்குதல் வேண்டும். நான்காவது, சிறிய மொழிச் சந்தையில் கற்ற அறிவைப் பெரிய சந்தைக்கும் பொருந்துமாறு வளர்த்தல் வேண்டும்.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. தமிழில் ஒரு கருவி வேண்டும் என்று கேட்பது எளிது. அதைச் செய்தவருக்கு உரிய விலையைக் கொடுப்பதே கடினமாக இருக்கிறது. திருமண அழைப்பிதழுக்கும் பந்தலுக்கும் கணக்குப் பாராமல் செலவிடும் நாம், அந்த அழைப்பிதழில் நம் பெயரைப் பிழையின்றித் தமிழில் காட்டும் மென்பொருளை மட்டும் இரவலாகக் கேட்பது நியாயமாகாது. சரக்கு மிடுக்காக இருக்க வேண்டுமானால், அதைச் செய்பவர் அடுத்த பதிப்பை எழுதும்வரை உயிரோடும் தொழிலோடும் இருந்தாக வேண்டும். அதை உறுதிசெய்வது வாங்குவோர் கையில்தான் இருக்கிறது.